எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் பெரியப்பா வீட்டில் ஒரு பஞ்சாயத்து. செம்பூரில் இருக்கும் அத்தையின் பேத்தி, கூட வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் இப்படி நடந்ததில்ல. நான் வரமாட்டேன்" என்று பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். ஊரை விடலாம், வழக்கத்தை விடக் கூடாதாம்!

வீடு திரும்பும்போது அணுசக்தி நகரைத் தாண்டி வந்தேன். அப்போதுதான் ஒரு குடும்பம் ஞாபகத்துக்கு வந்தது. 1966-ல் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த பிறகு, அணுசக்தி ஆணையத்தின் தலைவராக வந்தவர் விக்ரம் சாராபாய் என்ற குஜராத்திக்காரர். அவருடைய மாமியார் வீடு நம்ம சென்னை. அந்த வீட்டுக் கதைதான் இது.

மாமியார் பெயர் அம்மு. பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையில் 1894-ல் பிறந்த நாயர் பெண். அப்பா சீக்கிரமே போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. அவர் அப்பாவிடம் உதவி பெற்றுப் படித்த சுவாமிநாதன் என்ற தமிழ்ப் பிராமண வக்கீல் பெண் கேட்டு வந்தார். வயது வித்தியாசம் இருபதுக்கு மேல். இன்றைய கண்ணுக்கு அது குழந்தைத் திருமணம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சிறுமி நிபந்தனை போட்டாள். பட்டணத்தில்தான் இருப்பேன். வெளியே போனால் எத்தனை மணிக்கு வருவாய் என்று யாரும் கேட்கக் கூடாது, என் அண்ணன்மாரை யாரும் கேட்பதில்லையே! சுவாமிநாதன் ஒப்புக்கொண்டார். இரண்டு பக்கத்துச் சொந்தமும் முகம் சுளித்த கல்யாணம் அது.

அதே அம்மு 1917-ல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸோடு சேர்ந்து இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1942-ல் வேலூர்ச் சிறை. பிறகு அரசியல் நிர்ணய சபை. 1952-ல் திண்டுக்கல் எம்.பி.

பிள்ளைகள் நாலு பேரும் நாலு திசை. கோவிந்த் வக்கீலாகி, தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் வரை போனார். மிருணாளினி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1942-ல் விக்ரம் சாராபாயை மணந்தார். வெள்ளையனே வெளியேறு போராட்ட நேரம். சென்னையில் நடந்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வர முடியவில்லை. பெண்ணின் அக்காவோ சிங்கப்பூரில். அதற்காகக் கல்யாணம் நிற்கவில்லை.

அந்த அக்காதான் கேப்டன் லட்சுமி. 1938-ல் டாக்டர் பட்டம். முதல் திருமணம் நிலைக்கவில்லை. அதோடு முடங்கிவிடாமல் 1940-ல் சிங்கப்பூர் போனார். 1943-ல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். 1947-ல் லாகூரில் அவர் மணந்ததும் ஒரு பஞ்சாபியைத்தான் பெரியப்பா: செங்கோட்டை வழக்கில் நின்ற பிரேம் சகல் :-) அம்மா காங்கிரஸ், மகள் பிறகு மார்க்சிஸ்ட். ஆனாலும் உறவு அறுபடவில்லை.

"காசும் இங்கிலீஷும் இருந்த வீடு, எல்லாம் செய்யலாம்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அந்த ஜான்சி ராணிப் படையையே பாருங்கள். அதில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். காசில்லை, படிப்பில்லை, இந்தியாவையே பார்க்காதவர்களும் உண்டு. அவர்களும் வீட்டுப் படியைத் தாண்டித் துப்பாக்கி பிடித்தார்கள். நம்மைப் போலப் பிழைக்கப் போன குடும்பங்கள்தானே அவை?

2002 ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவர் இதே லட்சுமிதான், 87 வயதில். கலாம் யார்? தங்கை கணவர் விக்ரம் சாராபாய் வளர்த்துவிட்ட விஞ்ஞானி! தோற்ற லட்சுமி கான்பூரில் தன் கிளினிக்குக்குத் திரும்பி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 2012-ல் இறந்தபோது உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தார்கள்.

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது பட்டமும் பதவியும் இல்லை. யார் எந்தப் பக்கம் போனாலும், திரும்பி வரும்போது கதவு திறந்திருந்தது. அம்மு அன்று கேட்டு வாங்கியது அதைத்தான்.

நம்ம குடும்பத்தில் நடந்ததில்லையா? 1978-ல் தாத்தாவிடம் சொல்லாமல் பம்பாய்க்கு ரயிலேறி, தாராவியில் ஒரு தோல் கிடங்கின் பரணில் படுத்துக் கிடந்தவர் யார்? ரெண்டு மாசம் கழித்து, கருப்பட்டியும் முறுக்கும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தாத்தா தேடி வந்தாரே. "எப்ப வருவே"ன்னு ஒரு வார்த்தை கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டியா"ன்னுதான் கேட்டார் என்று எத்தனை தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறார் பெரியப்பா!

அடுத்த ஞாயிறு மாட்டுங்கா போகிறேன். கல்யாணப் பத்திரிகையோடு ஒரு பை முறுக்கும் வாங்கிப் போவதாக இருக்கிறேன்.