பஞ்சமி நிலமும் மனைச் சந்தையும்



நிலத்தில் போட்ட பணம் வீண்போகாது என்பது மனை வணிகத்தின் வேதவாக்கு. ஐந்து சென்ட் வாங்கிப் போட்டுப் பத்து வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு பல இடங்களில் பலித்திருக்கிறது. ஆனால் வாங்கிப் போடவும், விற்காமல் காத்திருக்கவும் யாரால் முடிந்தது என்ற கேள்வியை அந்தக் கணக்கு தொடுவதில்லை. அதற்கான பதில் செங்கல்பட்டு வரலாற்றில் இருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்கீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். தரிசு நிலத்தின் மீதும் மிராசுதார்கள் முன்னுரிமை கொண்டாடியதால், உழுதவர்களுக்கு நிலம் எட்டாமல் இருந்தது. சேரி மனைக்கும் மிராசுதாரே உரிமை கோரினார். கூலி கேட்டு முரண்டு பிடித்தால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். மனை என்பது அன்றைக்கே செல்வமாக மட்டுமல்ல, சாட்டையாகவும் இருந்தது.

இதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள்.

நிலம் தந்த அரசு ஏரும் மாடும் கிணறும் தரவில்லை. வறட்சியிலும், கல்யாணச் செலவிலும், நோயிலும் சிறு கடனுக்குக் கைநாட்டு வைத்தவர்களின் நிலம் மெல்லக் கைமாறியது. பினாமி பெயர்களும் பொது அதிகாரப் பத்திரங்களும் நிபந்தனையைச் சுற்றிப் போக வழி செய்தன. 1980களின் யுடிஆர் பதிவு மாற்றத்தில், அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பல ஊர்களில் பட்டா ஏறியது. பின்னால் தொழிற்பேட்டைகளும் அகலச் சாலைகளும் வந்து விலை ஏறியபோது, அந்த ஏற்றம் பட்டாவில் பெயர் இருந்தவருக்குப் போனது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரித் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

நம் இளைஞர்கள் சிலர் இன்று நியாயமான கேள்வி ஒன்றை எழுப்புகிறார்கள். நிபந்தனை இருப்பதால்தானே சந்தை விலை கிடைப்பதில்லை? வங்கியில் அடகு வைக்க முடிவதில்லை? நிபந்தனையை நீக்கினால் நாமும் பணக்காரர் ஆகலாமே?

கையில் நிலம் மிஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு அந்த இடர் உண்மையானது. அதற்குத் தீர்வு அரசு உத்தரவாதத்துடன் கூடிய கடனும் பாசன வசதியும். நிபந்தனையை நீக்கினால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். பெருமளவு நிலம் ஏற்கெனவே பிறர் கையில் இருக்கிறது. அவர்களின் சட்டவிரோத உடைமை ஒரே கையெழுத்தில் சட்டப்படியானதாகிவிடும். நிலத்தைத் திரும்பக் கேட்க நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சட்டப் பிடியும் போய்விடும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் வசமிருந்தது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 2011 மக்கள்தொகையில் நம் பங்கோ 16 விழுக்காட்டுக்கும் மேல். இந்த இடைவெளியைச் சேமிப்புப் பழக்கம் இல்லாமையால் விளக்க முடியாது. தலைமுறைச் செல்வம் என்று மனை வணிகர்கள் சொல்வதன் பின்னால், தலைமுறைப் பறிப்பும் இருக்கிறது.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊரின் பழைய அ-பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். யுடிஆருக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். ஒப்படை நிலம் என்ற குறிப்பு எந்தப் பக்கத்தில் மறைந்தது என்று குறித்துக்கொண்டு, வில்லங்கச் சான்றும் எடுங்கள். மனை வாங்கப் போகும் உறவினரிடமும் இதைச் சொல்லுங்கள். நம் பாட்டன் நிலத்தை நம் ஆளே விலை கொடுத்து வாங்கி ஏமாறக் கூடாது. மீட்புப் போராட்டத்துக்கு முழக்கத்தோடு, ஊர் ஊராகச் சேர்த்த இந்த ஆவணங்களும் வேண்டும்.