பெம்பிளை ஒருமை: மூணாறு கூலிப் போராட்டம், 2015

பெம்பிளை ஒருமை என்பது, 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களின் துணையின்றித் தாமே நடத்திய போராட்டத்தையும், அதிலிருந்து உருவான அமைப்பையும் குறிக்கும். 'பெம்பிளை' என்பது பேச்சுத் தமிழின் 'பொம்பளை'. 'ஒருமை' என்பது மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும். பெயரைப் போலவே போராட்டமும் இரு மொழி எல்லையில் பிறந்தது. போராடியவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

மலையும் அடிவாரமும்

1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பின், அங்குத் தோட்டங்கள் உருவாயின. கங்காணிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டினர். போடிநாயக்கனூர் மலையேறும் வாசலாக இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலை, போடி வழியாக வெளியூர் சென்றது. 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. எனினும் போடி, தேவாரம், கோம்பைப் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு அதிகாலையில் ஜீப்பில் சென்று மாலையில் திரும்பும் வழக்கம் இன்றும் உள்ளது.

வாழ்க்கைக்குப் போதுமான கூலி

இந்திய அரசியலமைப்பின் 43-ஆம் உறுப்பு, தொழிலாளர்களுக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவரின் குறைந்தபட்சக் கூலி மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பத்தின் உணவு, உடை, வாடகை, எரிபொருளை ஈடுகட்ட வேண்டும் என்று வரையறுத்தது. தோட்ட முதலாளிகளோ, கணவன், மனைவி இருவரும் உழைப்பதால் ஒன்றரை அலகு போதும் என்று நெடுங்காலம் வாதிட்டனர். அதாவது பெண்ணின் கூலி அரைக் குடும்பத்துக்கான கூலியாகவே எண்ணப்பட்டது.

போராட்டம்

2015-இல் தேயிலைத் தோட்ட நாட்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த போனஸை, கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் அந்த ஆண்டு 10 விழுக்காடாகக் குறைத்தது. தேயிலை விலைச் சரிவை நிறுவனம் காரணம் காட்டியது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தி மூணாறு நகரில் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனஸும் 500 ரூபாய் நாட்கூலியும் அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. எனவே எக்கட்சிக் கொடியையும் அவர்கள் அனுமதிக்கவில்லை. லிஸ்ஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோர் முன்நின்றனர்.

முதலமைச்சர் உம்மன் சாண்டியின் தலையீட்டில் செப்டம்பர் 13 இரவு உடன்பாடு ஏற்பட்டது. சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு, கருணைத் தொகை 11.67 விழுக்காடு என மொத்தம் 20 விழுக்காடு வழங்க நிறுவனம் இசைந்தது.

கூலி உடன்பாடு

கூலிக் கோரிக்கை மட்டும் தோட்டத் தொழிலாளர் குழுவின் பேச்சுக்கு விடப்பட்டது. பேச்சு இழுபட்டதால் செப்டம்பர் இறுதியில் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. இம்முறை தொழிற்சங்கங்களும் களமிறங்கின. அக்டோபர் 14 அன்று தேயிலைக்கு 301 ரூபாய், ஏலத்துக்கு 267-இலிருந்து 330 ரூபாய், ரப்பருக்கு 381 ரூபாய் என முடிவானது. மூணாறுப் பெண்கள் தொடங்கிய போராட்டம் ஏலமலைக் கூலியையும் உயர்த்தியது. ஆனால் கேட்ட 500 ரூபாய் கிட்டவில்லை என்பதால் பெம்பிளை ஒருமை இதை நிறைவாக ஏற்கவில்லை.

பின்விளைவுகள்

2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அமைப்பு போட்டியிட்டது. கோமதி தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் தலைவர்களிடையே கருத்து வேறுபாடு வளர்ந்து செல்வாக்குக் குறைந்தது.

கூலியோடு எழுப்பப்பட்ட வீட்டுக் கோரிக்கையும் முழுமையாகத் தீரவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு தோட்ட லயங்களை மூடியது. அதில் 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். நாட்கூலியில் சொந்த மண்ணும் வீடும் வாங்க இயலாதவர்கள், பணிக்காலம் முழுவதும் நிறுவனத்தின் லயத்திலேயே வாழ வேண்டியிருப்பதை அந்நிகழ்வு வெளிப்படுத்தியது.