சாயவேரும் சரவணைக் குளக்கரையும்

வேலணைத் தீவைச் சேர்ந்த சரவணையில் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழையே அங்குள்ள குளங்களை நிரப்புகின்றது. தை மாதத்தில் நீரில் ஆம்பல் மலரும். கரையோரத்தில் வாற்பேத்தைகள் நெளியும். இத்தகைய தீவுகளின் மேட்டு மணலில், கடுகளவான வெண்பூக்களையுடைய பூண்டொன்று நிலத்தோடு படர்ந்து கிடக்கும். ஆம்பலை வியப்போர் இதனைக் குனிந்தும் பாரார். சாயவேர் என்பது இதன் பெயர்.

துணிக்குச் செந்நிறம் ஊட்டுவது இதன் வேர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, வேலணைக்கு லெய்டன் எனப் பெயருமிட்ட ஒல்லாந்தர், இவ்வேரைத் தம் கும்பனியின் தனியுரிமையாக்கினர். வேர்குத்துதல் சாதிவழி வந்த கட்டாய ஊழியமாயிற்று. விலையைக் கும்பனியே விதித்தது. இதனை வெறும் வணிகச் செய்தியாகக் கூறி அமைதல் பொருந்தாது. மெல்லிய வேர் அறாதபடி வெயிலிற் குந்தியிருந்து மணலைக் கிளறியவர் மனிதரன்றோ!

அதே கும்பனியின் மருத்துவரான பவுல் ஹெர்மன் 1672 முதல் 1677 வரை இலங்கையிற் செடிகளைத் திரட்டினார். அத்தொகுதியைக் கொண்டே லின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். செடியைக் கற்றவர் பெயர் நின்றது. தோண்டியவர் பெயர் நிற்கவில்லை.

செந்நிறச் சாயப்பொருளான அலிசரினை 1868 இல் ஜேர்மானியரான கிரேபே, லீபர்மான் ஆகியோர் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் சாயவேர் வணிகம் நலிந்தது.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் இச்செடியை எனக்கு இனங்காட்டியவர் அம்மம்மா. பெயரைச் சொன்னார், அது எதற்குப் பயன்பட்டதென அவர் அறியார்.