இருட்டைத் தேடிப் போனவர்கள்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. கோயில் கோபுரம் இருக்கும், மாம்பழம் இருக்கும், நெசவு இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஆற்றுத் தண்ணீரின் சுவையைச் சொல்லியாவது ஊரார் பெருமைப்பட்டுக் கொள்வார்கள். ஆனால் இருட்டையே தன் பெருமையாகக் கொண்ட ஊர் ஒன்று உண்டென்றால் நம்ப முடிகிறதா?

கனடா தேசத்தின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், அமெரிக்க எல்லைக்குச் சற்று வடக்கே, வால் மரீ என்ற சிற்றூர் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அதற்கு மரியாளின் பள்ளத்தாக்கு என்று பொருள். குடியிருப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஒரு பழைய தானியக் களஞ்சியக் கோபுரம், சில வீதிகள், அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் பிரெய்ரி என்னும் புல்வெளி. மரம் என்று சொல்ல அதிகமில்லை. இந்த ஊரை ஒட்டியிருக்கும் புல்வெளித் தேசியப் பூங்காவைக் கனடாவின் ராயல் வானசாஸ்திரக் கழகம் 2009-ல் இருள்வானக் காப்பிடம் என்று அறிவித்தது. வட அமெரிக்காவில் நட்சத்திரம் பார்க்க விரும்புகிறவர்கள் அதுமுதல் இந்தச் சிற்றூரைத் தேடி வருகிறார்கள்.

இந்த இருட்டு அங்கே எப்படி வந்தது? இயற்கையாக இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மற்றப் பாதி மனிதர்களுடைய கதை.

நட்சத்திரங்களை முதலில் அறிந்தவர்கள் பிரெய்ரியின் ஆதிக்குடிகள். புல்வெளியின் மேற்குப் பகுதியில் வாழும் பிளாக்ஃபுட் மக்களிடையே நம் கார்த்திகைக் கூட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. வசந்த காலத்தில் பைசன் என்னும் காட்டெருமையின் கன்றுகள் பொன்னிறமாயிருக்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கன்றுத் தோலைப் போர்த்திக் கொண்டு திரிந்தார்கள். சில ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் தோல் கிடைக்கவில்லை. வெட்கம் தாங்காமல் அவர்கள் வானத்துக்கே போய்விட்டார்களாம். அதனால்தான் கன்றுகள் பொன்னிறமாயிருக்கும் பருவத்தில் அந்த நட்சத்திரங்கள் கண்ணில் படுவதில்லையாம். கன்றுகளின் நிறம் பழுப்பாக மாறிய பிறகு, இலையுதிர் காலத்தில் திரும்பி வருமாம். வான சாஸ்திரமும் இதைத்தான் சொல்கிறது: வசந்தத்தில் கார்த்திகை சூரியனுக்கு அருகே போய் மறைந்துவிடுகிறது. ஏழைக் குழந்தையின் அவமானத்தையும் பஞ்சாங்கக் கணக்கையும் ஒரே கதைக்குள் வைத்தவர்களை நாகரிகமற்றவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது வேறு விஷயம்.

அடுத்தபடியாக வந்தவர்கள் தூரதர்சினிக் கண்ணாடியோடு வந்தார்கள். 1818-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தன. ராக்கி மலைவரை 49-ஆவது அட்சரேகையே எல்லை என்று தீர்மானமாயிற்று. மேஜைமேல் படத்தை விரித்துக் கோடு கிழிப்பது சுலபம். புல்லின்மேல் கிழிப்பது எப்படி? ஆறில்லை, மலையில்லை, அடையாளத்துக்கு ஒரு மரமில்லை. அட்சரேகை எங்கே இருக்கிறது என்று ஆகாயத்தைத்தான் கேட்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் கேட்கவில்லை. கனடா அந்தப் பிரதேசத்தை ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனியிடமிருந்து 1870-ல் பெற்ற பிறகுதான் அவசரம் பிறந்தது.

1872 முதல் 1874 வரை இரு தேசத்துக் கூட்டு எல்லைக் குழு அந்த வெளியில் நடந்தது. பிரிட்டிஷ் தரப்பில் காமிரன் தலைவர், ஆண்டர்சன் தலைமை வானசாஸ்திரி; அமெரிக்கத் தரப்பில் காம்பெல் தலைவர், ட்வைனிங் தலைமை வானசாஸ்திரி. பகலில் வண்டியும் மாடும் குதிரையுமாக நகர்வார்கள். குறித்த இடம் வந்ததும் கூடாரமடித்து இரவுக்காகக் காத்திருப்பார்கள். உச்சித் தொலைநோக்கி என்ற கருவியால், தலைக்கு நேர்மேலே வடக்கிலும் தெற்கிலும் கடந்து செல்லும் நட்சத்திரங்களை ஜோடி ஜோடியாக அளந்து, அந்த இடத்தின் அட்சரேகையைக் கணக்கிடுவார்கள். பிறகு கோட்டின்மேல் மண்மேடு எழும்பும், அல்லது கற்குவியல் எழும்பும். இப்படியாகத்தான் இன்று பூங்காவின் தெற்கு விளிம்பாக உள்ள எல்லைக்கோடு பிறந்தது. நட்சத்திரத்தைப் பார்த்துப் போட்ட கோடு அது.

அந்தக் கோடு சரியான நேர்க்கோடுதானா என்றால் இல்லை. மலைகளும் பூமிக்குள்ளிருக்கும் பாறைகளும் தூக்குக் குண்டின் கயிற்றைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுக்கும். கயிறு சாய்ந்தால் கணக்கும் சாயும். ஆகவே எல்லைக் கற்கள் சில இடங்களில் உண்மையான அட்சரேகைக்குச் சில நூறு அடி வடக்கிலும் தெற்கிலுமாக நிற்கின்றன. இரு தேசங்களும் அதை அப்படியே ஒப்புக்கொண்டு விட்டன.

கோடு போட்ட சில ஆண்டுகளிலேயே அதன் வலிமை தெரிந்தது. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அமெரிக்கப் படையை முறியடித்த லக்கோட்டா மக்களின் தலைவர் ஸிட்டிங் புல், மறு ஆண்டு தம் ஜனங்களோடு அந்தக் கோட்டைத் தாண்டி இந்தப் புல்வெளிக்கு வந்தார். துரத்தி வந்த குதிரைப்படை கோட்டோடு நின்றுவிட்டது. மந்திரக்கோடு என்று ஆதிக்குடிகள் அதற்குப் பெயர் வைத்ததில் என்ன ஆச்சரியம்? ஆனால் மந்திரம் பசியைத் தடுக்கவில்லை. 1880-ஐ ஒட்டிக் காட்டெருமை மந்தைகள் அற்றுப்போயின. கனடாச் சர்க்கார் சோறு போட மறுத்தது. 1881-ல் அவர் திரும்பிச் சென்று சரணடைந்தார்.

எல்லைக்கு வடக்கே மற்றொரு அளவையும் நடந்துகொண்டிருந்தது. 1871-ல் தொடங்கிய இந்த நில அளவை, பிரெய்ரி முழுவதையும் ஆறு மைல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 36 ஒரு மைல் கட்டங்களாகப் பிரித்தது. இதற்கும் திசை காட்டியது துருவ நட்சத்திரம்தான். நம் ஊரில் அது அடிவானத்துக்குச் சற்றே மேலே தெரியும். அங்கே பாதி வானத்துக்கும் மேலே நிற்கிறது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால், கட்டங்களைச் சரிசெய்ய இடையிடையே திருத்தக் கோடுகள் போட்டார்கள். இன்றைக்கும் அந்த வட்டாரத்துச் சரளைச் சாலையில் நேரே போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று ஓரிடத்தில் பக்கவாட்டில் திரும்பி, மறுபடி நேரே போக வேண்டியிருக்கும். பூமி உருண்டை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

கட்டம் போட்டாயிற்று, குடியேற ஆள் வேண்டுமே! பத்து டாலர் கட்டணம் செலுத்தி, உழுது குடியிருந்தால் 160 ஏக்கர் சொந்தம் என்று சர்க்கார் அழைத்தது. இந்தப் பிரதேசம் வறண்டது, விவசாயத்துக்கு ஏற்றதல்ல என்று 1857 முதல் 1860 வரை சுற்றிப் பார்த்த பாலிஸர் எச்சரித்திருந்தார். யார் கேட்டார்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவற்றில் ஒரு குடும்பம் பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ் பெற்ற வாலஸ் ஸ்டெக்னருடையது. வால் மரீக்கு மேற்கே, அதே பள்ளத்தாக்கில் உள்ள ஈஸ்டெண்ட் என்ற ஊரில் 1914 முதல் 1920 வரை அவர் சிறுவனாக வளர்ந்தார். எல்லைக்கோட்டை ஒட்டி அவர் தந்தை கோதுமை விதைத்தார். மழை ஏமாற்றியது. மிஞ்சியது கடன்தான்; குடும்பம் தெற்கே போய்விட்டது. 1962-ல் ஸ்டெக்னர் எழுதிய 'உல்ஃப் வில்லோ' என்ற நூல் அந்த ஊரின் நினைவு. 1930-களின் கொடும் வறட்சியில் இன்னும் பலர் வீடுகளைப் பூட்டாமலேயே வெளியேறினார்கள்.

அவர்கள் விட்டுப்போன வெறுமைதான் இன்றைய இருட்டு. வறட்சி வராமலிருந்தால், அந்த 160 ஏக்கர்களில் ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆகாயத்தின் அழகை வியக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

எஞ்சியவர்களுக்கு வெளிச்சம் தாமதமாகத்தான் வந்தது. 1949-ல் சஸ்காச்சுவான் கிராம மின்சாரச் சட்டம் கொண்டுவந்தது. மாகாண முதல்வர் டாமி டக்ளஸின் ஆட்சியில் கம்பங்கள் புல்வெளியில் வரிசை வரிசையாக எழுந்தன. பண்ணை முற்றத்தில் உயரமான கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு ஏறியது. பனிப்புயலில் மாட்டுக்கொட்டகைக்குப் போனவர் வீடு திரும்பும் வழி தெரியாமல் உறைந்துபோகக்கூடிய தேசம் அது. அங்கே அந்த விளக்கு ஆடம்பரமல்ல, உயிர். அதை அணைக்கச் சொல்வதற்கு வெளியூர் ரசிகருக்கு என்ன உரிமை? இருள்வானம் பற்றிய விவாதத்தில் நியாயமான கேள்வி இதுதான். நியாயமான விடையும் உண்டு: விளக்கை அணைக்க வேண்டாம், அதற்கு ஒரு மூடி போடுங்கள். வெளிச்சம் தரைக்குத்தானே வேண்டும்? ஆகாயத்துக்கு அனுப்பும் வெளிச்சத்துக்கும் மின்சாரக் கட்டணம் கட்டத்தான் வேண்டியிருக்கிறது.

இருண்ட இடம் கண்டுபிடிப்பதிலும் சாஸ்திரம் இருக்கிறது. நகர ஒளி தூரத்துக்குத் தக்கபடி குறைவதை அளந்தவர் வாக்கர் என்ற அமெரிக்க வானசாஸ்திரி. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி பாதியாவதில்லை. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே சிற்றூரிலிருந்து சில மைல் விலகினாலே பெரும் லாபம். வால் மரீக்கு அருகில் உள்ள நகரம் ஸ்விஃப்ட் கரண்ட். அதுவும் சுமார் 120 கிலோமீட்டர் வடக்கே. ஊருக்கும் நமக்கும் நடுவே ஒரு குன்று நின்றால் இன்னும் நல்லது. பள்ளத்தில் பனி இறங்கிக் கண்ணாடியை நனைக்கும், மேட்டுநிலமே மேல். அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். கண் இருளுக்குப் பழக அரை மணி நேரமாகும். கையில் சிவப்பு விளக்குத்தான் ஆகும். அது பிறர் நிலமானால் முன்கூட்டியே கேட்டு, வேலிக்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வர வேண்டும். அங்கே சாரைப்பாம்பல்ல, கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. கால் வைக்குமுன் தரையையும் பார்ப்பது உத்தமம். ஜூன் மாதம் பயனில்லை: 49-ஆவது அட்சரேகையில் அப்போது நள்ளிரவிலும் அந்தி முழுவதும் மறைவதில்லை. ஆகஸ்டு, செப்டம்பரே சிலாக்கியம்.

ஜான் போர்ட்டில் என்பவர் 2001-ல் ஆகாயத்தின் இருளை ஒன்பது படிகளாக வகுத்தார். பெருநகர வானம் ஒன்பதாவது படி. முதல் படியில் பால்வீதியின் ஒளியிலேயே தரையில் நிழல் விழும். அப்படிப்பட்ட வானம் பூமியில் வேகமாகக் குறைந்து வருகிறது. 2011 முதல் 2022 வரை பல நாட்டு மக்கள் வெறுங்கண்ணால் பார்த்து எழுதிய குறிப்புகளை ஆராய்ந்ததில், வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரி 9.6 சதவீதம் ஏறியிருப்பது தெரிந்தது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரங்கள் தெரிந்த இடத்தில், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது சுமார் 100 தான் தெரியும் என்பது அந்தக் கணக்கு. 2019 முதல் கூட்டம் கூட்டமாக ஏறும் செயற்கைக்கோள்களுக்கு மூடியும் போட முடியாது. 50-ஆவது அட்சரேகையை ஒட்டிய வானத்தில்தான் அவற்றின் நெரிசல் அதிகம்.

காப்பிடம் என்ற பட்டம் பூங்காவின் விளக்குகளைக் கட்டுப்படுத்தும். வேலிக்கு வெளியே உள்ள பண்ணையைக் கட்டாயப்படுத்தாது. 2005-ல் அந்தப் புல்வெளிக்கு 71 காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எருமையைக் கொண்டுவர லாரி போதும். போன இருட்டைக் கொண்டுவர, விளக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனம் வைக்க வேண்டும். கடனும் வறட்சியும் நூறு ஆண்டுகள் காத்துக் கொடுத்ததை இனி அந்த நூற்றுச் சொச்சம் பேரும், அவர்களைத் தேடி வருகிறவர்களும்தான் காக்க வேண்டியிருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் திரும்பி வருகிறார்கள். அவர்கள் முகம் தெரிகிற அளவுக்காவது இடம் விட்டு வைப்போமே!