ஆளவந்தார் கொலை வழக்கு: செத்தவரை அடையாளம் கண்டோம், அந்தப் பெண்ணை?

1/ ஆவடின்னா டாங்க் தொழிற்சாலை ஞாபகம் வரும். கொஞ்சம் வயசானவங்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு ஞாபகம் வரும். மெட்ராஸையே உலுக்கின ஒரு கொலை வழக்குலயும் ஆவடிக்கு ஒரு சின்ன இடம் இருக்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற நிறைய பேருக்கே இது தெரியாது. கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ ஆளவந்தார், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஆவடியில் ராணுவத்தில் வேலை பார்த்தவர். போர் முடிஞ்ச பிறகு வியாபாரத்துக்கு வந்தார். பாரிமுனை பக்கம் பேனாவுக்குப் பேர்போன ஜெம் அண்ட் கம்பெனி கடையில் ஒரு ஓரத்தில் இடம் பிடிச்சு, பிளாஸ்டிக் பொருட்கள் வித்தார். கல்யாணமானவர், குழந்தைகள் உண்டு. 1952 ஆகஸ்ட் 28 அன்று போனவர் வீடு திரும்பலை.

3/ எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போகிற போட் மெயிலில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டி. நாற்றம் தாங்காம பயணிகள் புகார் சொல்ல, மானாமதுரையில் இறக்கித் திறந்தாங்க. உள்ளே தலையில்லாத ஆண் உடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது.

4/ இப்போ டாக்டருக்கான பகுதி. தலையில்லாத உடலைப் பார்த்தவுடனே எல்லாரும் கேட்கிற கேள்வி, "யார் இது?" மானாமதுரையில் முதலில் வந்த பதில் என்ன தெரியுமா? சுன்னத் செய்த உடல், அதனால் இஸ்லாமியர்.

5/ இது எவ்வளவு பலவீனமான முடிவுன்னு எந்த சர்ஜனும் சொல்வார். முன்தோல் சுருக்கத்துக்காக எல்லா மதத்து ஆண்களுக்கும் இந்த அறுவை சிகிச்சை நடக்குது. சர்க்கரை நோயால் திரும்பத் திரும்பத் தொற்று வர்றவங்களுக்கும் செய்றோம். அந்த அடையாளம் ஒரு அறுவை நடந்ததை மட்டும்தான் சொல்லும். பெயரையோ மதத்தையோ சொல்லாது.

6/ உடல் மெட்ராஸ் வந்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர் கோபாலகிருஷ்ணன், தலையும் உடலும் ஒரே ஆளோடதுதானான்னு ஆராய்ந்தார். ஆளவந்தாரின் மனைவி, காதில் இருந்த துளைகளையும் பல்வரிசையையும் வச்சு அடையாளம் சொன்னார். கடைசியா சந்தேகத்தைத் தீர்த்தது கைரேகை. ராணுவ வேலை காலத்துப் பதிவுகளில் இருந்த ரேகை, பிணத்தின் ரேகையோடு பொருந்தியது. ஆவடி வேலை அங்கேதான் கைகொடுத்தது.

7/ இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. சுன்னத்தும் உடம்புல இருக்கிற அடையாளம், காதுகுத்தும் உடம்புல இருக்கிற அடையாளம். ஒண்ணு தப்பான வழிக்கு இழுத்தது, இன்னொண்ணு சரியான வழி காட்டியது. ஏன்? முதல்ல கேட்ட கேள்வி, "எந்தக் கூட்டத்து ஆள்?" மனைவியிடம் கேட்ட கேள்வி, "எந்த ஆள்?" கேள்வி மாறினதும் பதிலும் மாறிடுச்சு.

8/ இதை மானாமதுரைக்காரங்க தப்புன்னு மட்டும் சொல்லிட முடியாது. அந்தக் காலத்துச் சட்டமே அப்படித்தான் யோசிச்சது. 1871-ல் ஆங்கிலேயர் கொண்டு வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள்னு பதிவு செய்தது. அதன் இரண்டாம் பகுதி, வட இந்திய மாகாணங்களில் திருநங்கைகளைப் பட்டியல் போட்டுக் கண்காணிச்சது. பெண் உடையில் பொது இடத்தில் ஆடினாலே கைது செய்யலாம்.

9/ 1911 சட்டம் வழியா இது நம்ம மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் உட்படப் பல சமூகங்களின் கைரேகைகளைக் கட்டாயமா எடுத்தாங்க. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. செத்த 16 பேரில் மாயக்காள்னு ஒரு பெண்ணும் உண்டு. ஆளவந்தார் யார்னு சொன்ன அதே கைரேகை, இங்கே ஒரு ஊரையே குற்றவாளி ஆக்கப் பயன்பட்டது. கருவி ஒண்ணுதான், கேட்ட கேள்விதான் வேற.

10/ மெட்ராஸ் மாகாணம் 1947-லேயே இந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுக்க நீங்கின நாள் 1952 ஆகஸ்ட் 31. ஆளவந்தார் கொல்லப்பட்டு சரியா மூணு நாள் கழிச்சு! சட்டப் புத்தகத்திலிருந்து போயிடுச்சு. ஆளைப் பார்த்ததும் கூட்டத்தைத் தேடுகிற பழக்கம் போச்சா?

11/ சரி, கொலைக்கு வருவோம். வழக்கின்படி, கொலை நடந்தது ராயபுரத்தில் பிரபாகர மேனன், தேவகி தம்பதியின் வீட்டில். கல்யாணத்துக்கு முன்னாடி தேவகிக்கும் ஆளவந்தாருக்கும் பழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் அவர் விடலை. விஷயம் கணவருக்குத் தெரிஞ்சது. ஆளவந்தாரை வீட்டுக்கு வரவழைச்சுக் கொன்னாங்க. பிறகு பம்பாய் போயிட்டாங்க, அங்கே பிடிபட்டாங்க.

12/ 1953-ல் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்னிலையில் விசாரணை. நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர். ஊரே வேடிக்கை பார்க்கப் போச்சு. தீர்ப்பு: மேனனுக்கு 7 ஆண்டு, தேவகிக்கு 3 ஆண்டு. ஒருத்தரைக் கொன்னு, தலையை வெட்டி, ரயிலேத்தின வழக்குல தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. ஏன்? ஊரும் நீதிமன்றமும் தம்பதி மேல பரிவோட இருந்தது. "பெண்டாட்டி மானத்தைக் காப்பாத்தினான்" என்கிற பார்வை.

13/ இது மெட்ராஸோட நிக்கலை. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியோடு தொடர்பில் இருந்தவரைச் சுட்டுக் கொன்னார். ஜூரி 8-க்கு 1 என்று விடுவிச்சது. உயர் நீதிமன்றம் ஏத்துக்கலை, ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விஷயம் தெரிஞ்சதுக்கும் சுட்டதுக்கும் நடுவில் ஆத்திரம் தணிய மணிக்கணக்கில் நேரம் இருந்தது, இது "திடீர் ஆத்திரம்" இல்லை. ஆனாலும் 1964-ல் மன்னிப்பு கிடைச்சது.

14/ இப்போ 4-ஆம் பதிவில் கேட்ட அதே கேள்வி. தேவகி யார்? பேச்சு முழுக்க ரெண்டே அடையாளம்தான் கிடைச்சது. ஒண்ணு, ஏமாந்த அபலை. இன்னொண்ணு, வலை விரிச்சவள். ரெண்டிலுமே மானத்துக்குச் சொந்தக்காரர் கணவர்தான். "எந்தக் கூட்டத்துப் பெண்?"னு கேட்டாங்க. "இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது, அவளுக்கு என்ன வேணும்?"னு கேட்டவங்க குறைவு. செத்தவருக்குக் கிடைச்ச துல்லியம் உயிரோட இருந்தவளுக்குக் கிடைக்கலை.

15/ 1952-ல் ஒருத்தன் பழைய பழக்கத்தைச் சொல்லித் தொந்தரவு பண்ணினா, ஒரு பெண் எங்கே போவாள்? ஸ்டேஷனுக்குப் போனா அந்தப் பழக்கத்தையும் சொல்லணும். சொன்னா அவளோட குடும்ப வாழ்க்கை முடிஞ்சது. கள்ளத்தொடர்புச் சட்டமே அதைக் கணவனுக்கு நேர்ந்த குறையாகத்தான் பார்த்தது. அந்தச் சட்டம் போனது 2018-ல்! இதைச் சொல்றது கொலைக்கு நியாயம் கற்பிக்க இல்லைங்க. ஒருத்தர் உயிர் போயிருக்கு, ஒரு மனைவி புருஷனை இழந்திருக்காங்க, பிள்ளைங்க அப்பாவை இழந்திருக்கு. மத்த எல்லாக் கதவும் மூடி இருக்கும்போது, மானம் என்கிற ஒரு கதவு மட்டும் கொலைக்காகத் திறந்தே இருந்தது. பிரச்சினை அதுதான்.

16/ அந்தக் கதவு இன்னும் முழுசா மூடலை. ஆனா தமிழ் ஒரு நல்ல காரியம் செஞ்சிருக்கு. முன்னாடி பத்திரிகையில் "கௌரவக் கொலை"ன்னு எழுதுவோம். இப்போ "ஆணவக் கொலை"ன்னு எழுதறோம். 2016-ல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டப்போ, உயிர் பிழைச்ச கௌசல்யா நீதிமன்றத்துக்குப் போய் சாட்சி சொன்னாங்க. தேவகி காலத்தில் கிடைக்காத குரல் அது.

17/ கடைசியா, ஒரு டாக்டரா. தூக்கமில்லை, தலைவலி, நெஞ்சு படபடப்புன்னு ஓபிக்கு வர்ற பெண்கள்ல சிலருக்கு, எல்லா டெஸ்ட்டும் நார்மலா இருக்கும். தனியா உட்கார வச்சு நிதானமா கேட்டா, பழைய போட்டோ, பழைய சாட் வச்சு யாரோ மிரட்டுறது வெளியே வரும். அதில் பயம் பாதி அந்த ஆள் மேல, மீதி வீட்டு ஆம்பிளைங்க மேல. "தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க, இல்லைன்னா அவனைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவாங்க."

18/ இன்னைக்குக் கதவுகள் இருக்கு. பின்தொடர்றது, மிரட்டுறது இப்போ தனிக் குற்றம். அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-லிருந்தே இருக்கு. பெண்கள் உதவி எண் 181. இணையத்தில் மிரட்டினா 1930. பழைய பழக்கம் இருந்ததுங்கறதால புகார் கொடுக்கிற உரிமை போயிடாது.

19/ அண்ணன், தம்பி, அப்பா, கணவர் யார் இதைப் படிச்சாலும் ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெண் இப்படி ஒண்ணைச் சொன்னா, உங்க மானம் என்னாகும்னு யோசிக்காதீங்க. "உனக்கு என்ன செய்யணும்?"னு அவகிட்டயே கேளுங்க. கூட ஸ்டேஷன் வரைக்கும் போங்க. அவ்வளவுதான்.

தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க.