பள்ளிக் கழிப்பறையும் 61 வருடத் தாமதமும்

வணிகவியல் மாணவர்களுக்குத் தொழிற்சாலைச் சட்டம், 1948 புதிதல்ல. பரீட்சைக்காகப் படித்த 19-ம் பிரிவு நினைவிருக்கிறதா? ஆண் தொழிலாளர்களுக்கும் பெண் தொழிலாளர்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், அவற்றைச் சுத்தம் செய்யவே ஆள் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. 1949 ஏப்ரல் 1-ல் இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. மதுரை ஹார்வி மில்லும் இதற்குக் கட்டுப்பட்டதுதான்.

ஆனால் மில் தொழிலாளியின் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு? நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் வர மேலும் 61 வருடங்கள் ஆயின!

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணையில் மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்ற ஒரு வரி உண்டு. ஏற்கெனவே இருந்த பள்ளிகளுக்கு 3 வருட அவகாசம். ஆனால் இச்சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதாவது 8-ம் வகுப்போடு சரி. கழிப்பறை மிகவும் அவசியமாகும் வயதில் மாணவி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறாள்.

இந்த இடைவெளியில் உதவியது உச்ச நீதிமன்றம். கழிப்பறை இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை அனுப்புவதில்லை, இது கல்வி உரிமையையே மீறுவதாகும் என்று 2011 அக்டோபரில் அது சொன்னது. 2012 அக்டோபர் 3-ல், எல்லா மாநிலங்களும் 6 மாதத்துக்குள் பள்ளிகளில் தனித்தனிக் கழிப்பறை அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன்தான், 2014 ஏப்ரலில் திருநங்கையர் வழக்கிலும் தீர்ப்பளித்தார். மூன்றாம் பாலினத்தவருக்குப் பொது இடங்களில் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

2014-ல் மத்திய அரசு ஒரே வருடத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கழிப்பறைகளைக் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு பகுதியைப் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டின. 15 மாநிலங்களில் அவற்றில் 2,695-ஐ மாதிரியாக எடுத்துத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி.யின் அறிக்கை 2020-ல் வந்தது. கட்டியதாகக் கணக்கு காட்டப்பட்ட 200 கழிப்பறைகள் அங்கே இல்லவே இல்லை! இருந்தவற்றிலும் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வரவில்லை.

இங்கேதான் அந்தப் பழைய 19-ம் பிரிவைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று 1948-லேயே யோசித்திருக்கிறார்கள். 2009-ன் அட்டவணை கட்டடத்தோடு நின்றுவிட்டது. சுவரில் "மாணவியர்" என்று எழுதிவிட்டால் மட்டும் போதுமா? தண்ணீருக்கும் துப்புரவுப் பணியாளரின் சம்பளத்துக்கும் வருடா வருடம் யார் பணம் ஒதுக்குவது? அந்தச் செலவையும் சேர்த்துச் சொன்னால்தான் சட்டம் முழுமையாகும்.