தஞ்சம் தந்த கரங்கள்

எபிரெய ஆண்மகவுகளைக் கொல்லுமாறு எகிப்திய மன்னன் கட்டளையிட்டபோது, சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள் இறைவனுக்கே அஞ்சினர், மன்னனுக்கு அஞ்சவில்லை. குழந்தைகள் பிழைத்தன. யாத்திராகமம் கூறும் இச்செய்திக்கு ஒப்பானதொரு வரலாறு நாம் வாழும் ஜேர்மன் மண்ணிலும் உண்டு.

1938ஆம் ஆண்டில் பெர்லின் போதகர் ஹைன்றிச் குறூபர், நாசிகளால் ஒடுக்கப்பட்ட யூத வழிவந்த கிறிஸ்தவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிக் காக்கவென ஒரு பணிமனையை நிறுவினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தப்பினர். 1940 டிசெம்பரில் கைதான குறூபர், சக்சன்ஹவுசன், டாகாவ் வதைமுகாம்களில் வாடி 1943இல் விடுதலையானார். அவருடன் பணியாற்றிய போதகர் வேர்னர் சில்டன் மீளவில்லை, 1942இல் கொல்லப்பட்டார்.

காத்தவரே காக்கப்படாத வேளையும் உண்டு. எனினும் இறையருள் துணிவுள்ள மனிதரின் கரங்கள் வழியாகவே நம்மை வந்தடைகிறது. அத்தகைய கரங்களால் தஞ்சம் பெற்ற நாம், நாளை நம் கதவைத் தட்டும் அகதிக்கு நமது கரங்களை மறுக்கலாகாது.